அம்மாவின் கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது?

சற்று நினைவுபடுத்திப் பாருங்கள். கைப்பிடி உடைந்த வெண்கலப் பானை, கொலுப் பொம்மைப் பெட்டி, பாட்டி காலத்து முறுக்கு அச்சு, 'எப்போதாவது உதவும்' என்று எடுத்து வைத்து இன்றுவரை எதற்குமே உதவாத தகர டப்பாக்கள், இவ்வளவும் இருக்கும். எங்கள் அம்மா வீட்டுப் பரணிலும் இவ்வளவும் இருந்தன. கூடவே ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது!

சிரிக்காதீர்கள். இன்று கடையில் விற்கிற மாதிரிக் கம்ப்யூட்டர் அல்ல அது. டைப்ரைட்டரைத் தட்டையாக அமுக்கி வைத்தாற்போல் ஓர் உருவம். பழுப்பு கலந்த வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பட்டன்கள், மேல் வரிசையில் மட்டும் பத்துச் சிவப்புப் பட்டன்கள். திரை கிடையாது. டெலிவிஷனோடு இணைத்துக்கொள்ள வேண்டும். பி.பி.ஸி. மைக்ரோ என்று பெயர்.

இங்கிலாந்தில் பொதுமக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க பி.பி.ஸி. ஒரு திட்டம் போட்டது. அதற்காகக் கேம்பிரிட்ஜிலிருந்த ஏகார்ன் கம்பெனி செய்து 1981 டிசம்பரில் வெளியிட்ட இயந்திரம் இது. ஸோஃபி வில்ஸன், ஸ்டீவ் ஃபர்பர் முதலியோர் ஒரே வாரத்தில் அதன் மாதிரியைக் கட்டி ஓட்டிக் காட்டினார்களாம். 12,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள்; 15 லட்சத்துக்கு மேல் விற்றது. 1984-ல் நம் மத்திய அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அறிமுகம் செய்ய 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது இந்த இயந்திரத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. மொஹாலியில் இருந்த அரசாங்கத் தொழிற்சாலை 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதைத் தயாரிக்கவும் செய்தது.

என் அம்மா அப்போது சென்னையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது முப்பது. நான் பிறக்கவில்லை. "பயிற்சிக்கு யார் போகிறீர்கள்?" என்று தலைமை ஆசிரியை கேட்டபோது மற்ற டீச்சர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்களாம். அம்மா மட்டும் கையைத் தூக்கினாள். அடுத்த பத்து வருஷம் அந்தப் பள்ளியில் அவளுக்குக் 'கம்ப்யூட்டர் டீச்சர்' என்று பெயர். பிறகு பள்ளிக்குப் புது இயந்திரங்கள் வந்தன. பழையவற்றை உடைந்த பெஞ்சுகளோடு ஏலம் விட்டார்கள். அம்மா ஒன்றை 150 ரூபாய்க்கு எடுத்து, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த வீட்டைத்தான் சென்ற வருஷம் காலி செய்ய வேண்டி வந்தது. இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு. அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்பா காலமான பிறகு அம்மா தனியாகத்தான் இருந்தாள். ஒரு நாள் விஸில் அடிக்கிற பால் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, அடுத்த அறையில் பத்திரிகை படிக்க உட்கார்ந்துவிட்டாள். குக்கர் ஊதி ஊதி ஓய்ந்து, தண்ணீர் வற்றி, அடிப்பிடித்துக் கருகி, சமையலறையெல்லாம் புகையாகி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தாளாம். "அம்மாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது" என்று நான் தீர்மானித்துவிட்டேன். என் வீட்டுக்கே அழைத்து வந்துவிடுவது, அடுப்புப் பக்கம் விடவே கூடாது என்பதும் என் தீர்மானமே. அம்மா எதிர்த்துப் பேசவில்லை.

"எனக்கு வேறே ஒண்ணும் வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துண்டு வந்துடு" என்றாள்.

"ஓடுமா அம்மா அது? காயலான் கடைக்காரனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

"போட்டுப் பார்த்தாத்தானே தெரியும்? ஆனா உடனே போட்டுடாதே. முதல்லே திறந்து உள்ளே பாரு."

இதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வயதானவர்கள் சொல்வதை எப்படிக் கேட்போமோ அப்படிக் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் மேலே இருந்த தூசியைத் துடைத்தேன், டெலிவிஷனோடு இணைத்தேன், பிளக்கைச் செருகினேன், ஸ்விட்சைப் போட்டேன்.

'ஊ....' என்று ஒரு சத்தம் வந்தது. நிற்கவே இல்லை. திரையில் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். உள்ளேயிருந்து 'பட்' என்று ஒரு வெடி. பெட்டியின் இடது பக்கத்து இடுக்குகளிலிருந்து புகை கிளம்பியது. அந்த நாற்றம் இருக்கிறதே! கருகிய காகிதமும் அழுகிய மீனும் கலந்த நாற்றம். என் கணவர் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார். அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். ஆனால் கம்ப்யூட்டரின் உள்ளே எப்படியிருக்கும் என்று அன்றுதான் முதன் முதலாகப் பார்த்தார்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "திறந்து பாருன்னு சொன்னேனே கண்ணு" என்றாள், அவ்வளவுதான். பிறகு தன் டிரங்குப் பெட்டியிலிருந்து பயிற்சிக் காலத்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கே" என்றாள்.

மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனோம். மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவில் கிடைக்காத மின்சாமான் கிடையாது. ஆனால் எங்கள் பெட்டியைப் பார்த்த இளைஞர்கள் எல்லாரும், "மியூஸியத்துக்குக் கொடுத்துடுங்க மேடம்" என்றே சொன்னார்கள். கடைசியில் ஒரு சந்துக்குள், ரேடியோ காலத்திலிருந்து தொழில் செய்யும் ஒரு பெரியவர் அகப்பட்டார். புகை வந்ததென்று நான் சொல்லி முடிப்பதற்குள், "கண்டென்ஸர் போயிருக்கும். இயந்திரம் சாகலே அம்மா" என்று சிரித்தார்.

நம் வீட்டு மின்விசிறியில் கண்டென்ஸர் போனால் விசிறி சோம்பலாகச் சுற்றுமே, அதே ஜாதிதான். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் உலோகப் பெட்டிக்குள், மின்சாரம் நுழைகிற வாசலிலேயே இரண்டு சிறு கண்டென்ஸர்கள் உண்டு. உள்ளே காகிதச் சுருள். மேலே பிசின் பூச்சு. வருஷங்கள் ஆக ஆக அந்தப் பிசினில் மயிரிழை போல வெடிப்பு விடும். வெடிப்பு வழியாக ஈரக் காற்று உள்ளே போய்க் காகிதத்தில் ஏறும். சென்னைக் கடற்காற்றைப் பற்றிக் கேட்க வேண்டுமா? அந்த நிலையில் திடீரென்று 230 வோல்ட் கொடுத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? செய்தவர்கள் மேல் குற்றமில்லை. நாற்பது வயதுக் காகிதம்!

"திறந்து பார்த்திருந்தா வெடிப்பு கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார் பெரியவர். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இந்த இரண்டு கண்டென்ஸர்களும் கம்ப்யூட்டர் ஓடுவதற்காக இருப்பவையே அல்ல. அதன் இரைச்சல் மின்கம்பி வழியாகப் பரவி, அக்கம் பக்கத்து ரேடியோவில் கரகரப்பு உண்டாக்காமல் இருப்பதற்காக வைத்தவை. அதனால் வெடித்த பிறகும் இயந்திரம் பிழைத்திருப்பதுண்டு. பெரியவர் 0.1, 0.01 மைக்ரோஃபாரட் அளவில் இரண்டு புதுக் கண்டென்ஸர்களை எடுத்துப் பற்றவைத்தார். மின்வாசலில் வைப்பதற்கென்றே செய்யப்படும் 'எக்ஸ் 2' ரகமாகத்தான் இருக்க வேண்டுமாம். வேறு ரகம் வைத்தால் ஆபத்து. பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தார். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 5.02 வந்தது. 4.75-க்குக் கீழே போனால் கம்ப்யூட்டருக்கு மயக்கம் வந்துவிடும் என்றார்.

சகோதரிகளே, ஒரு எச்சரிக்கை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பழைய இயந்திரம் இருந்தால் மேல் மூடியை நீங்களே திறந்து பார்க்கலாம். அந்த உலோகப் பெட்டியை மட்டும் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். அது தெரிந்தவர் கையில்தான் பிரிக்கப்பட வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஸ்விட்சைப் போட்டோம். புகை இல்லை, நாற்றம் இல்லை. ஆனால் 'ஊ....' என்ற ஊளை மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அம்மாவோ நோட்டைப் புரட்டி, "ஊளை வந்தா நல்லதுதான். சத்தமே இல்லாட்டாத்தான் பயப்படணும்" என்றாள்.

விஷயம் இதுதான். ஸ்விட்சைப் போட்டதும் இந்த இயந்திரம் இரண்டு சத்தம் போடும். முதலில் தாழ்ந்த குரலில் 'ஊ', பிறகு சின்னதாக ஒரு 'பீப்'. முதல் சத்தம் யாரும் சொல்லிக்கொடுத்துப் போடுவதல்ல. உள்ளே ஒலி எழுப்புவதற்கென்று ஓர் ஐ.ஸி. இருக்கிறது, மின்சாரம் பட்டவுடன் அது பிறந்த குழந்தை மாதிரி தானாகவே அழ ஆரம்பித்துவிடும். அதற்குள் மூளையாகிய ஐ.ஸி. விழித்துக்கொண்டு, தன் பாடத்தைப் படித்து, "சும்மா இரு" என்று அதை அடக்கும். பிறகு "நான் தயார்" என்று வேண்டுமென்றே ஒரு 'பீப்' கொடுக்கும். ஊளை நிற்கவில்லை என்றால், குழந்தை அழுகிறது, தாய் இன்னும் விழிக்கவில்லை என்று அர்த்தம்.

தாய் ஏன் விழிக்கவில்லை? பெரும்பாலும் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஐ.ஸி.க்கள் பலவும் ஸாக்கெட்டில் செருகித்தான் இருக்கின்றன. இயந்திரம் ஓடும்போது சூடாகி விரிகிறது, நிறுத்தினால் ஆறிச் சுருங்குகிறது. இப்படி விரிந்து சுருங்கி, ஐ.ஸி. மயிரிழை மயிரிழையாக மேலே எழும்பிவிடும். பரணில் கிடந்த காலத்தில் கால்களில் களிம்பும் ஏறிவிடும். எல்லாம் நன்றாக இருந்தும், தொடர்பு மட்டும் இல்லை!

சனிக்கிழமை காலை அம்மா சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்தாள். "நைலான் புடவையை மாத்திண்டு பருத்தி கட்டிண்டு வா" என்று எனக்கு உத்தரவு. நைலான் உராய்ந்து உடம்பில் மின்சாரம் சேர்ந்தால், விரல் பட்டே ஐ.ஸி. செத்துப்போகுமாம். தொடுவதற்கு முன்னால் அந்த உலோகப் பெட்டியின் வெளிப்புறத்தை ஒரு தடவை தொட்டுக்கொள்ள வேண்டும்.

பின்னால் இரண்டு, அடியில் இரண்டு, ஆக நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் மூடி வந்துவிடுகிறது. முதலில் மின்சாரம் கொண்டு வரும் ஏழு கம்பிகளையும் அம்மா ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். அவற்றில் மூன்று சிவப்பு. ஒவ்வொன்றும் பலகையின் வேறு வேறு பகுதிக்கு மின்சாரம் தருகிறது. ஒன்று தளர்ந்தாலும் வம்புதான். அவை சரியாக இருந்தன. எழுத்துப் பட்டன் பலகையை நகர்த்தினோம். அதன் கீழே வலது ஓரத்தில் ஐந்து ஸாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. இடது கோடியில் இருப்பதில்தான் மூளைக்கான முதல் பாடம் இருக்கிறது. வேறொன்றில், நாம் தட்டுவதைப் புரிந்துகொள்ளும் 'பேஸிக்' பாஷை இருக்கிறது.

ஒவ்வொரு ஐ.ஸி.க்கும் இருபத்தெட்டுக் கால், மரவட்டையேதான். ஒரு முனையில் பிறை போல ஒரு வெட்டு இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்காமல் திருப்பிச் செருகினால் அவ்வளவுதான், போய்விடும். அம்மா முதலில் ஒரு காகிதத்தில் படம் போட்டுக்கொண்டாள். தட்டையான சின்ன ஸ்க்ரூ டிரைவரை அடியில் கொடுத்து, இந்த முனையைக் கொஞ்சம், அந்த முனையைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி நெம்பினாள். கால்களை ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தாள். கறுத்திருந்தவை வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னின. அவள் விரல் நடுங்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலை மறந்துவிடுகிறவள் என்று நான் முடிவு கட்டிய மனுஷி, பன்னிரண்டு படிகளை வரிசை தவறாமல் செய்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணை நீ செருகு" என்று என்னிடம் கொடுத்தாள். செருகினேன்.

ஸ்விட்சைப் போட்டோம். 'ஊ... பீப்!'

நானும் என் கணவரும் ஒரே சமயத்தில் "ஆஹா!" என்று கத்தினோம். டெலிவிஷனில் வெள்ளை எழுத்தில் 'பி.பி.ஸி. கம்ப்யூட்டர் 32 கே' என்று வந்தது. அதன் கீழே ஒரே ஒரு வார்த்தை: 'லாங்க்வேஜ்?'

"பாஷை என்னன்னு கேக்கறது. தமிழ்னு சொல்லட்டுமா?" என்றார் என் கணவர்.

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் இயந்திரம் விளையாடவில்லை. மூளை விழித்துவிட்டது, முதல் பாடத்தையும் படித்துவிட்டது; ஆனால் பேசுவதற்குப் பாஷையைத் தேடினால் அகப்படவில்லை. பேஸிக் ஐ.ஸி.யில் ஏதோ கோளாறு. அது யார் செருகியது? நான்தான்! எடுத்துப் பார்த்தால், ஒரு கால் ஸாக்கெட்டுக்குள் போகாமல் உள்பக்கமாக மடிந்து கிடந்தது. அம்மா புருவம் திருத்தும் சின்ன இடுக்கியை வாங்கி, உடையாமல் மெல்ல நிமிர்த்திச் செருகினாள்.

மறுபடியும் ஸ்விட்ச். 'ஊ... பீப்!' இந்தத் தடவை 'பேஸிக்' என்ற சொல்லும், அதன் கீழே அம்பு முனை போன்ற ஒரு குறியும் வந்தன. "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று அதற்கு அர்த்தம்.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு, "திரை வந்துடுத்து, சரி. ஆனா ரெண்டாவது சத்தம் வரலையே?" என்றாள்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வந்ததே அம்மா."

"எனக்குக் கேக்கலையே. ஊளை கேட்டது. பீப் கேக்கலையே."

இன்னொரு தடவை போட்டோம். எங்களுக்குக் கேட்டது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பால் குக்கர்! அது ஊதுவதும் கீச்சென்ற விஸில்தானே? அம்மா மறக்கவில்லை. அவளுக்குக் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனோம். சோதித்துவிட்டு, இரண்டு காதிலும் கேட்கும் சக்தி குறைந்திருக்கிறது. சத்தம் கீச்சென்று ஏற ஏறக் குறை அதிகம் என்றார். வயதாகும்போது பெரும்பாலோருக்கு இப்படித்தானாம். தாழ்ந்த குரல் கேட்கும். மணியும் விஸிலும் குருவிச் சத்தமும் முதலில் போய்விடும். அதனால் தமக்குக் காது கேட்கவில்லை என்பது அவர்களுக்கே தெரியாது. வீட்டிலிருப்பவர்களும் 'மறதி' என்றும், 'கவனம் இல்லை' என்றும் பெயர் வைத்துவிடுவார்கள்.

நான் வைத்தேன். ஆறு மாதமாக அவளை அடுப்பங்கரைப் பக்கம் விடாமல், "நீ சும்மா உட்காரு அம்மா" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். திறந்து பார்க்கவில்லை. எங்கே தொடர்பு விட்டுப்போயிருக்கிறது என்று தேடவில்லை. புகையைப் பார்த்தேன், ஆளே போய்விட்டாள் என்று தீர்மானித்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். இயந்திரம் அம்பு முனையைக் காட்டிக் காத்திருந்தது அல்லவா? அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். 1986-ல் தன் வகுப்புப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு கோலப் புரோகிராம் உண்டாம். அது இருந்த காஸெட் எப்போதோ பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. இந்த இயந்திரமும் ஸ்விட்சை அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் ஜாதி. அதன் ஞாபகசக்தியே 32 கே. உங்கள் கைப்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப்போல் எத்தனையோ மடங்கு இடம் வேண்டும். ஆனால் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. 10, 20, 30 என்று எண் போட்டு ஒவ்வொரு வரியாகத் தட்டினாள். ஒரு முறை 'மிஸ்டேக்' என்று இயந்திரம் குறுக்கே வந்தது. "ஆமாம், நாற்பதாவது வரியிலே தப்பாத் தட்டிட்டேன்" என்று ஒப்புக்கொண்டு திருத்தினாள். கடைசியில் 'ரன்' என்று தட்டினாள். கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாக எழுந்து, கோடு கோடாகச் சேர்ந்து, ஒரு நட்சத்திரக் கோலம் விரிந்தது. என் எட்டு வயதுப் பெண், "பாட்டி, எனக்கு!" என்று அவள் மடியில் ஏறிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காயலான் கடைக்காரர் வந்தார். கருகிப்போன பால் குக்கரைக் கொடுத்தனுப்பினேன்.

இப்போது அம்மா காதில் சின்ன மிஷின் ஒன்று வைத்துக்கொள்கிறாள். காலைக் காப்பி அவள் கையால்தான். சாயங்காலம் பேத்தியை உட்கார வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போடுகிறாள். நான் சமையலறையிலிருந்தபடியே கேட்கிறேன். 'ஊ...' என்று வரும். பிறகு 'பீப்'.

"வந்துடுத்து" என்று அம்மாவின் குரல் கேட்கும்.